மழைக்கு ஒரு சுழற்சி உண்டா?



மழை, வெப்பநிலை, கடல்மட்டம், மருத்துவமனைக்கு வரும் காய்ச்சல் நோயாளிகளின் எண்ணிக்கை, தக்காளி விலை என்று காலப்போக்கில் ஏறி இறங்கும் எந்த எண்வரிசையைப் பார்த்தாலும், இந்த ஏற்ற இறக்கம் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை தேடும் பழைய வழிகளில் ஒன்று, தரவின்மேல் ஓர் அலைக்கோட்டைப் பொருத்திப் பார்ப்பது. அதற்கு மூன்று செய்திகள் வேண்டும்: அலை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை திரும்புகிறது, எவ்வளவு உயரம் எழுகிறது, எப்போது உச்சத்தைத் தொடுகிறது. முதலாவதை அலைவு காலம் என்றும், இரண்டாவதை வீச்சு என்றும், மூன்றாவதைக் கட்டம் என்றும் சொல்கிறோம். முன்னாளில் கணக்கர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து செய்த இந்த வேலையை இன்று ‘ஆர்’ போன்ற இலவச மென்பொருளில் ஓரிரு வரிக் கட்டளை முடித்துவிடுகிறது. இந்த எளிமையை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அதனோடு ஒரு பொறுப்பும் வந்து சேர்ந்திருக்கிறது. எந்த எண்வரிசையைக் கொடுத்தாலும் மென்பொருள் ஓர் அலையைப் பொருத்தித் தந்துவிடும். எனவே அலை பொருந்தியது என்பது மட்டும் அலை இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. சான்று இரண்டு இடங்களிலிருந்துதான் வர முடியும். ஒன்று, அலைவு காலத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிற ஒரு காரணம். மற்றொன்று, பொருத்தும்போது நாம் பார்க்காத தரவு. இந்தக் கருத்தை நிறுவ, நம் சென்னை நகரத்தின் மழைக்கணக்கையே முதல் வழக்காக எடுத்துக்கொள்கிறேன்.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் மக்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஹைதராபாத் பகுதிகளைத் தாக்கிய அந்தப் பஞ்சத்தில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. இப்படியொரு பேரழிவை முன்கூட்டியே அறிய வழி உண்டா என்ற கேள்வி அப்போது எழுந்ததில் வியப்பில்லை. இந்திய அரசின் புள்ளிவிவரத் துறைக்குத் தலைமை வகித்த வில்லியம் வில்சன் ஹண்டர், சென்னையில் 1813 முதல் 1876 வரை பதிவான 64 ஆண்டு மழையளவை எடுத்துக்கொண்டார். ஜெர்மனியின் டெசாவ் நகரைச் சேர்ந்த ஹைன்ரிக் ஷ்வாபே, சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன என்று 1844இல் அறிவித்திருந்தார். சுவிட்சர்லாந்தின் ருடால்ஃப் வுல்ஃப் பழைய பதிவுகளையெல்லாம் திரட்டி, அந்தச் சுழற்சி சராசரியாக 11.1 ஆண்டு என்று கணித்திருந்தார். ஹண்டர் சென்னையின் மழையைப் பதினோராண்டுச் சுழற்சியில் அடுக்கிப் பார்த்தார். சூரியப் புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் மழையும் குறைகிறது, பஞ்சமும் அப்போதுதான் வருகிறது என்று 1877இல் முடிவு கூறினார். ‘நேச்சர்’ இதழை நிறுவிய வானியலாளர் நார்மன் லாக்யர் அவரோடு சேர்ந்து அதே ஆண்டு ஒரு கட்டுரையும் எழுதினார். நோக்கம் உயர்ந்தது. சூரியனைப் பார்த்தே பஞ்சத்தை அறிய முடியுமானால், தானியத்தை முன்னமே சேமித்து உயிர்களைக் காக்கலாம் அல்லவா?

அதே 1877இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி ஒரு கட்டுரை படித்தார். இந்தியாவில் நெடுங்காலம் பணியாற்றிய பொறியாளர் அவர். அடுத்த ஆண்டு அமைக்கப்பட்ட பஞ்ச விசாரணைக் குழுவுக்கு அவர்தான் தலைவரானார். எனவே பஞ்சத்தை முன்னறிவதில் அக்கறையற்றவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. அவர் கேட்ட கேள்வி மிக நேரானது. பதினோராண்டு அடுக்கில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு சராசரி கிடைக்கிறது. அந்தச் சராசரியை வைத்து ஒவ்வோர் ஆண்டின் மழையையும் கணித்தால், கணிப்புக்கும் உண்மையில் பெய்த மழைக்கும் எவ்வளவு வேறுபாடு வருகிறது? சுழற்சியையே மறந்துவிட்டு 64 ஆண்டுகளின் ஒரே சராசரியை எல்லா ஆண்டுக்கும் கணிப்பாகச் சொன்னால் எவ்வளவு வேறுபாடு வருகிறது? முதலாவது இரண்டாவதைவிடக் கணிசமாகக் குறைந்தால் மட்டுமே சுழற்சி என்ற பேச்சுக்கு இடம் உண்டு. சென்னை மழையில் அப்படிக் குறையவில்லை என்று அவர் காட்டினார். கணினி என்ற கருவியே இல்லாத காலத்தில் எழுந்த இந்தக் கேள்வி, இன்று மென்பொருள் தரும் ஒவ்வோர் அலைக்கோட்டின் முன்னும் நாம் வைக்க வேண்டிய கேள்வி. அழகாக வளையும் கோடு ஒன்று கிடைத்ததா என்பது முக்கியமன்று. அந்தக் கோடு இல்லாமலே கிடைத்திருக்கும் விடையைவிட அது எவ்வளவு மேலானது என்பதே முக்கியம்.

அலைக்கோடு பொருத்துவது நம்பத்தக்க அறிவாக நிற்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். கடலின் ஓதம் அதற்குத் தலைசிறந்த சான்று. சந்திரனால் எழும் முதன்மை ஓதத்தின் அலைவு காலம் 12 மணி 25 நிமிடம். சூரியனால் எழுவது சரியாக 12 மணி. இந்த எண்களை யாரும் கடல்மட்டப் பதிவைத் துழாவிக் கண்டுபிடிக்கவில்லை. பூமி, சந்திரன், சூரியன் ஆகியவற்றின் இயக்கத்திலிருந்து அவை வந்தன. துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறுவது வீச்சும் கட்டமும் மட்டுமே. அவற்றைத்தான் பதிவிலிருந்து கணிக்க வேண்டும். பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன் 1860களில் இந்த முறையை வகுத்தார். 1870களின் தொடக்கத்தில் ஓதத்தை முன்கூட்டிக் கணிக்கும் பொறியையும் உருவாக்கினார். இந்தியத் துறைமுகங்களுக்காகவே 1879இல் லண்டனில் தனிப்பொறி ஒன்று செய்யப்பட்டது. இன்று ‘ஆர்’ மென்பொருளில் அதே வேலையை எளிதாகச் செய்யலாம். அலைவு காலம் தெரிந்திருந்தால், நேரத்திலிருந்து ஒரு சைன் நெடுவரிசையும் ஒரு கொசைன் நெடுவரிசையும் உண்டாக்கி, சாதாரண நேர்கோட்டுத் தொடர்புப் போக்குக்கான கட்டளையிடம் கொடுத்தால் போதும். மீச்சிறு வர்க்க முறை ஒரே ஒரு விடையைத் தரும். இரண்டு கெழுக்களையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வீச்சு. இரண்டின் விகிதத்திலிருந்து கட்டம். இங்கே மாணவர்கள் அடிக்கடி தவறும் ஓர் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சைன் கெழு முக்கியமா, கொசைன் கெழு முக்கியமா என்று தனித்தனியே சோதித்து, முக்கியமில்லாத ஒன்றை நீக்கிவிடக் கூடாது. காலத்தை எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதை மாற்றினாலே அந்த இரண்டு கெழுக்களும் மாறிவிடும். இரண்டையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தே வைக்கவோ நீக்கவோ வேண்டும்.

இதே வகையில் இன்னொரு சான்று, ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958இல் தொடங்கிய கரியமில வாயு அளவீடு. அந்த மாதாந்தரத் தரவின் 1959 முதல் 1997 வரையான பகுதி ‘ஆர்’ மென்பொருளுடனேயே வருகிறது. ஆண்டுக்கு ஆண்டு ஏறும் போக்கின்மேல், மே மாதம் உச்சம் தொட்டுச் செப்டம்பர், அக்டோபரில் தாழும் ஓர் ஆண்டு அலை சவாரி செய்கிறது. வட அரைக்கோளத்தின் தாவரங்கள் கோடையில் கரியமில வாயுவை உட்கொண்டு குளிர்காலத்தில் வெளிவிடுவதே அதற்குக் காரணம். அலைவு காலம் ஓர் ஆண்டு என்பது பூமி சூரியனைச் சுற்றுவதிலிருந்தே தெரியும். காரணம் தாவரங்களிலிருந்து தெரியும். ஆண்டுதோறும் புதிதாக வரும் தரவு அதை மறுபடியும் உறுதி செய்கிறது. ஓதத்திலும் கரியமில வாயுவிலும் அலைக்கோடு இவ்வளவு திறமாக வேலை செய்வதற்குக் காரணம் கணித முறையின் மேன்மை மட்டுமன்று. கேட்க வேண்டிய கேள்வியில் பெரும்பகுதிக்கு விடை தரவுக்கு வெளியிலிருந்து முன்பே கிடைத்துவிட்டது என்பதும் ஒரு காரணம்.

அலைவு காலமே தெரியாதபோது நிலைமை அடியோடு மாறுகிறது. இப்போது மூன்று எண்களையும் மென்பொருள் தேட வேண்டும். கணக்கு நேர்கோட்டுத் தன்மையை இழக்கிறது. ‘ஆர்’ மென்பொருளில் இதற்கென உள்ள ‘என்.எல்.எஸ்.’ என்ற கட்டளை, நாம் தொடக்கமாகக் கொடுக்கும் மதிப்பிலிருந்து படிப்படியாக இறங்கி, பிழை குறைந்த பள்ளத்தைத் தேடுகிறது. அலைவு காலத்தை மாற்றிக்கொண்டே போனால் பிழையின் வரைபடத்தில் பல பள்ளங்கள் அடுத்தடுத்து வரும். நாம் கொடுத்த தொடக்க மதிப்புக்கு அருகில் எந்தப் பள்ளம் இருக்கிறதோ அதிலேயே மென்பொருள் நின்றுவிடும். அதைவிட ஆழமான பள்ளம் வேறிடத்தில் இருப்பது அதற்குத் தெரியாது. அத்துடன், தான் நின்ற இடத்தை வைத்தே திட்டப்பிழையைக் கணக்கிட்டு, அலைவு காலம் மிகத் துல்லியமாகக் கிடைத்துவிட்டதுபோல் ஒரு சிறிய எண்ணையும் அச்சிட்டுவிடும். பதிவின் நீளம் விதிக்கும் எல்லை இன்னொன்று. சந்திர ஓதத்தையும் சூரிய ஓதத்தையும் தெளிவாகப் பிரித்தறிய ஏறத்தாழ 15 நாள் பதிவு வேண்டும் என்பது ஓதக் கணக்கின் பழைய விதி. அதற்குள்தான் ஓர் அலை மற்றதை ஒரு முழுச் சுற்று முந்துகிறது. அதே விதியைச் சென்னை மழைக்குப் பொருத்திப் பாருங்கள். 64 ஆண்டில் பதினோராண்டுச் சுழற்சி ஆறு முறைகூட முழுமையாக வருவதில்லை. இரைச்சல் மிகுந்த அவ்வளவு குறுகிய பதிவில், ஒன்பதரை ஆண்டுக்கும் பதின்மூன்று ஆண்டுக்கும் இடைப்பட்ட எந்த அலையும் பதினோராண்டு அலையோடு குழம்பிவிடக்கூடும்.

சுழற்சி எதுவுமே இல்லாத தரவு எவ்வளவு நன்றாகப் பொருந்தும் என்பதையும் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 64 சமவாய்ப்பு எண்களை எடுத்துக்கொள்வோம். ஓர் அலைவு காலத்தை முன்கூட்டியே நிர்ணயித்து அலையைப் பொருத்தினால், அது மொத்த மாறுபாட்டில் சராசரியாக 3 விழுக்காட்டை விளக்கும். இருபதில் ஒரு முறை 9.5 விழுக்காட்டுக்கும் மேல் விளக்கும். ஆகவே ஒரே ஓர் அலையைச் சோதிப்பவருக்கு 9.5 விழுக்காடு ஒரு நியாயமான எல்லை. ஆனால் 64 ஆண்டு, 32 ஆண்டு, 21.3 ஆண்டு, 16 ஆண்டு என்று தொடங்கி இரண்டு ஆண்டைச் சற்றே தாண்டிய சுழற்சி வரை 31 அலைவு காலங்களையும் முயன்று, மிகச் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பவர் என்ன பெறுவார்? அந்தச் சிறந்த அலை சராசரியாகவே 13 விழுக்காட்டை விளக்கும். 31இல் ஏதேனும் ஒன்றாவது 9.5 விழுக்காட்டு எல்லையைத் தாண்டுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 80 விழுக்காடு. தேடலையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், எல்லையை 19 விழுக்காட்டுக்கு உயர்த்த வேண்டும். பதினோராண்டு அடுக்கு முறையில், மொத்தச் சராசரி போக, பத்து எண்களை நம் விருப்பப்படி வளைக்க முடிவதால், வெற்று எண்களிலேயே சராசரியாக 16 விழுக்காடு ‘விளக்கம்’ கிடைத்துவிடும். இவை யாவும் எழுதிப் பார்த்தே சரிபார்க்கக்கூடிய கணக்குகள். மென்பொருளில் ஆயிரம் முறை எண்களைக் குலுக்கிப் போட்டும் பார்க்கலாம். இருபதில் ஒன்று என்று எல்லை வகுத்துவிட்டு ஐந்தில் நான்கு முறை ஏமாறும் சோதனையைச் சோதனை என்றே சொல்ல முடியாது.

இந்த உண்மையை முதலில் முறையாக வகுத்தவர் ஆர்தர் ஷூஸ்டர். வானிலையில் 26 நாள் சுழற்சி இருப்பதாகச் சொல்லப்பட்டதைச் சோதிக்கும்பொருட்டு, ஒவ்வோர் அலைவு காலத்துக்கும் அலையின் வலிமையைக் கணக்கிட்டு வரைபடமாக்கும் முறையை 1898இல் அவர் வெளியிட்டார். வெற்று எண்களில் அந்த வலிமை எவ்வளவு எழும் என்பதற்கான விதியையும் தந்தார். ஆனால் பல சுழற்சிகளை முயன்று மிகப் பெரியதைத் தேர்ந்தெடுப்பவருக்கு அந்த விதி போதாது. அந்தக் குறையைச் சுட்டிக்காட்டியவர் கில்பர்ட் வாக்கர். இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்தபோது, 1914இல் அத்துறையின் வெளியீட்டிலேயே தொடர்புகளும் சுழற்சிகளும் மெய்யானவையா என்று சோதிக்கும் அளவுகோலை அவர் எழுதினார். முயன்ற சுழற்சிகள் எத்தனையோ, அத்தனைக்கும் ஏற்ப எல்லையை உயர்த்த வேண்டும் என்பதே அதன் சாரம். 1929இல் ஆர். ஏ. ஃபிஷர் இதற்குத் துல்லியமான சூத்திரம் தந்தார்; சற்றுமுன் நான் சொன்ன 19 விழுக்காடு அதிலிருந்து வருவதே. பருவமழையை முன்னறிய வேண்டிய அவசரமும் கடமையும் வாய்ந்த ஒரு துறையின் தலைவரே இப்படியொரு கடிவாளத்தை முன்வைத்தார் என்பதை நாம் பெருமையோடு நினைக்க வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஹண்டர் பல சுழற்சிகளைத் துழாவவில்லையே. பதினோராண்டு என்ற எண்ணைச் சூரியனிடமிருந்துதானே எடுத்தார்? ஓதத்துக்குச் சந்திரன் என்றால் மழைக்குச் சூரியன் என்று ஏன் கொள்ளக் கூடாது? இந்த மறுப்பை மதித்தே விடை சொல்ல வேண்டும். முதலாவதாக, சந்திரனின் ஈர்ப்பு கடலை எவ்வளவு உயர்த்தும் என்பதற்கு இயற்பியல் உண்டு. சூரியப் புள்ளி சென்னையின் வடகிழக்குப் பருவமழையை எப்படிக் கூட்டும் அல்லது குறைக்கும் என்பதற்கு அத்தகைய கணக்கு எதுவும் அப்போது இல்லை. எண் வெளியிலிருந்து வந்தது; காரணம் வரவில்லை. இரண்டாவதாக, சூரியப் புள்ளிச் சுழற்சி கடிகாரம்போல் ஓடுவதன்று; ஒரு சுற்று ஒன்பது ஆண்டில் முடிவதும் உண்டு, பதினான்கு ஆண்டை நெருங்குவதும் உண்டு. எனவே மழையைக் கறாரான பதினோராண்டு அடுக்கில் மடிப்பது சூரியனைப் பின்பற்றுவதாகாது. சில சுற்றுகளிலேயே இரண்டும் விலகிவிடும். மூன்றாவதாக, தேடல் என்பது அலைவு காலத்தில் மட்டும் நடப்பதில்லை. எந்த ஊர், எந்தப் பருவம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த ஆண்டுகளைச் சேர்த்துச் சராசரி எடுப்பது என்று ஒவ்வொரு தேர்விலும் ஒரு தேடல் மறைந்திருக்கிறது. ஓர் ஊரில் பொருந்திய சுழற்சி மற்ற ஊர்களிலும் பொருந்த வேண்டும். இல்லையென்றால் ஊரைத் தேர்ந்தெடுத்ததே பொருத்தத்தைத் தந்திருக்கிறது என்று பொருள்.

சுழற்சித் தேடலில் ஆழமான பொறி ஒன்று உண்டு; அதை 1927இல் இருவர் தனித்தனியே வெளிக்கொணர்ந்தனர். ரஷ்யப் புள்ளியியலாளர் யூஜின் ஸ்லட்ஸ்கி, அரசுக் குலுக்கல் சீட்டில் விழுந்த எண்களை எடுத்து, பத்துப் பத்தாகச் சேர்த்து நகரும் கூட்டுத்தொகை கண்டார். வெறும் சமவாய்ப்பான அந்த எண்கள், 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வணிக ஏற்ற இறக்கத்தை வியப்பூட்டும் வகையில் ஒத்த அலைகளாக எழுந்தன. சராசரி எடுத்து மழமழப்பாக்குவது இருக்கும் அலையை வெளிக்காட்டுவது மட்டுமன்றி, இல்லாத அலையையும் உண்டாக்கும் என்பது அதன் பாடம். இங்கிலாந்தின் ஜி. உட்னி யூல் அதே ஆண்டு சூரியப் புள்ளித் தரவை ஆராய்ந்து, ஊசலாடும் ஓர் ஊசலின்மேல் சிறுவர்கள் பட்டாணியை எறிந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். ஊசல் தன் இயல்பில் ஆடும். ஆனால் ஒவ்வோர் அடியும் அதன் வீச்சையும் கட்டத்தையும் கலைத்துவிடும். அந்த ஆட்டத்தில் அலை உண்டு, நிலையான கட்டம் கிடையாது. இத்தகைய தரவின்மேல் நிலையான சைன் அலையைப் பொருத்தினால், கடந்தகாலத்தில் அது ஓரளவு பொருந்தும், எதிர்காலத்தில் வழிதவறும். ஓர் ஆண்டின் மதிப்பு அடுத்த ஆண்டைப் பாதிக்கும் தரவில், எண்களைக் குலுக்கிப் போட்டுச் சோதிப்பதும் போதாது என்பதை இதிலிருந்து அறிகிறோம். அந்தத் தொடர்பைத் தக்கவைத்துக்கொண்டு, ஆனால் சுழற்சி இல்லாத போலித் தரவுகளை மென்பொருளில் உருவாக்கி, அவற்றோடுதான் நம் பொருத்தத்தை ஒப்பிட வேண்டும்.

இன்னொரு மறுப்பையும் எதிர்பார்க்கிறேன். தேடாமல் எதுவும் கிடைக்காது. ஷ்வாபே தேடியதால்தானே சூரியப் புள்ளிச் சுழற்சி நமக்குக் கிடைத்தது? முற்றிலும் உண்மை. 1826 முதல் அவர் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தது புதனைவிடவும் சூரியனுக்கு அருகில் சுற்றும் ஒரு கோளைத் தேடி. சுழற்சி தற்செயலாகத் தென்பட்டது. ஆனால் அது அறிவாக நிலைபெற்றது தென்பட்ட அந்த நாளில் அன்று. வுல்ஃப் பழைய பதிவுகளில் தேடியபோதும் அது இருந்தது. ஷ்வாபேக்குப் பிந்திய தலைமுறைகள் பார்த்தபோதும் அது திரும்பி வந்தது. இதற்கு எதிரான பாதையில் சென்றவர் பொருளியல் மேதை வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ். சூரியப் புள்ளி இந்திய விளைச்சலைப் பாதிக்கிறது, இந்திய விளைச்சல் இங்கிலாந்தின் வணிகத்தைப் பாதிக்கிறது என்று அவர் நம்பினார். வணிக நெருக்கடிகளின் இடைவெளி ஏறத்தாழப் பத்தரை ஆண்டாக இருந்தது. வுல்ஃபின் எண்ணோ 11.1. அப்போது, முன்பு திருவனந்தபுரம் வானாய்வகத்தின் தலைவராக இருந்த ஜான் ஆலன் ப்ரூன், சூரியச் சுழற்சி 10.45 ஆண்டே என்று ஒரு மதிப்பீடு தர, ஜெவன்ஸ் 1878இல் அதைப் பற்றிக்கொண்டார். கருத்துக்குப் பொருந்தாத எண் வந்தபோது கருத்தைச் சோதிக்காமல் எண்ணை மாற்றிக்கொண்டதே அவர் கோட்பாட்டின் பலவீனம். சூரியனின் சுழற்சி அதற்குப் பின்னும் சராசரியாகப் பதினோராண்டாகவே தொடர்ந்துவருகிறது. தேடிக் கண்டது கருதுகோள் மட்டுமே. புதிய தரவில் தாக்குப்பிடிப்பதே சான்று.

கறாரான இந்த அளவுகோல் கண்டுபிடிப்புகளை முடக்கிவிடும் என்று அஞ்சுவோருக்கு, வாக்கரின் பிற்காலப் பணியே விடை. நிலையான சுழற்சிகளைப் பிடித்துத் தொங்காமல், தொலைதூர நிலையங்களின் காற்றழுத்தத்துக்கும் மழைக்கும் இடையே உள்ள ஒட்டுறவை அவர் ஆராய்ந்தார். பசிபிக் பெருங்கடல் பக்கம் அழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் தாழ்வதும், பின்னர் அது மாறுவதுமான பெரிய ஊசலாட்டத்தைக் கண்டு, அதற்குத் தென் அலைவு என்று 1920களில் பெயரிட்டார். 1969இல் ஜேக்கப் பியர்க்னஸ் அதைப் பசிபிக் கடலின் எல் நினோ வெப்பத்தோடு இணைத்துக் காட்டினார். எல் நினோ இரண்டு முதல் ஏழு ஆண்டு இடைவெளியில் ஒழுங்கின்றி வருகிறது. அதை எந்தச் சைன் அலையிலும் கட்டிப்போட முடியாது. 1877–78இல் மிக வலிய எல் நினோ ஒன்று ஏற்பட்டது என்பதை இன்று அறிவோம். ஹண்டர் தேடிய விடையின் ஒரு பகுதி சூரியனில் இல்லை, கடலில் இருந்தது. போலியான சுழற்சிகளை விலக்கிய அதே கண்டிப்புதான் மெய்யான காரணத்துக்கு வழிவிட்டது.

உயிர் காக்கும் விஷயத்தில் முழுச் சான்றுக்காகக் காத்திருக்கலாமா, அரைகுறைச் சுழற்சியாவது கையில் இருக்கட்டுமே என்பார் சிலர். இது இரக்கத்தில் பிறந்த வாதம், ஆயினும் ஏற்கத்தக்கதன்று. மெய்யல்லாத சுழற்சி, வராத பஞ்சத்துக்குக் களஞ்சியத்தை நிரப்புவதோடு நிற்பதில்லை. வரும் பஞ்சத்தின்போது இது நல்ல ஆண்டு என்று சொல்லிக் களஞ்சியத்தைத் திறந்துவிடவும் செய்யும். நம் அறுபது ஆண்டுச் சக்கரத்தில் தாது வருஷம் பஞ்சத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. 1996இல் மீண்டும் தாது வருஷம் பிறந்தது. அந்த ஜூன் மாதத்தில் சென்னை கண்டது வறட்சியை அன்று, பெருமழையை. ஒரே ஒரு சுற்றைப் பார்த்துப் பின்வரும் சுற்றுகளைச் சொல்வது எத்தனை நிலையற்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை. ‘தெரியாது’ என்ற விடை, தவறான உறுதியைவிட மக்களை நன்றாகக் காக்கும்; எல்லா ஆண்டுக்கும் ஆயத்தமாக இருக்க அது நம்மைத் தூண்டும்.

ஆகவே மென்பொருளின் முன் அமரும் மாணவ நண்பர்களிடம் சில வேண்டுகோள்கள். அலைவு காலம் வெளியிலிருந்து தெரியுமானால், அதை அப்படியே வைத்து வீச்சையும் கட்டத்தையும் மட்டும் கணியுங்கள். தெரியாவிட்டால், முதலில் எல்லா அலைவு காலங்களையும் வரிசையாக முயன்று வரைபடம் போட்டு, ஆழமான பள்ளம் எதுவெனக் கண்டபின்பே ‘என்.எல்.எஸ்.’ கட்டளைக்குத் தொடக்க மதிப்பைக் கொடுங்கள். நீங்கள் செய்த தேடல் முழுவதையும், சுழற்சியற்ற போலித் தரவுகளின்மேலும் அப்படியே நடத்திப் பாருங்கள். மழமழப்பாக்கிய தரவின்மேல் ஒருபோதும் சோதனை செய்யாதீர்கள். கடைசி ஆண்டுகளின் தரவைத் தொடாமல் ஒதுக்கி வைத்து, பொருத்திய கோடு அவற்றை வெறும் சராசரியைவிட நன்றாகக் கணிக்கிறதா என்று ஸ்ட்ரேச்சியின் கேள்வியைக் கேளுங்கள். இறுதியாக, உங்கள் கட்டுரையில் வெற்றி பெற்ற அலையை மட்டும் காட்டி நிறுத்திவிடாதீர்கள். எத்தனை அலைகளை, எத்தனை ஊர்களில், எத்தனை விதமாக முயன்றீர்கள் என்பதையும் எழுதுங்கள். அந்த எண்ணிக்கை இல்லாமல், பொருந்திய கோட்டின் மதிப்பை வாசகர் எடைபோட முடியாது.